பிஸ்கட் டப்பாவில் கூடிக்கொண்டே போகும் பணம்

ஜூன் 4, வியாழன்

இன்று காலை ஒன்பது மணிக்குள் நான்கு பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். நாலும் வேறு வேறு கட்டடம். லிஃப்ட் கம்பெனியின் புகார் பிரிவில் உட்கார்ந்து "பதற்றப்படாதீங்க, மெக்கானிக் வந்துகிட்டே இருக்கார்" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட அதைத்தான் சொல்ல வாய் வருகிறது.

எழுத வந்தது அதை அல்ல. மதிய இடைவேளையில் எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்கிற சர்வர்காரர் என் லேப்டாப்பில் ஒரு கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்தார். வெறும் கறுப்புத் திரை. பட்டன் இல்லை, படம் இல்லை, பாராட்டும் இல்லை. எல்லாம் நாமே தட்ட வேண்டும். ஒவ்வொரு தொகையையும் இரண்டு தடவை எழுத வேண்டும்: எங்கிருந்து போனது, எங்கே போய்ச் சேர்ந்தது. இரண்டும் பொருந்தாவிட்டால் முகத்துக்கு நேராக 'இது சரியில்லை' என்று சொல்லிவிடும். பார்த்த உடனே பிடித்துப்போனது. எனக்கும் அதே குணம்தானே.

சாயங்காலம் இவர், என் வீட்டுக்காரர், வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு விஷயம் சொன்னார். தெருமுனையில் மொபைல் ரிப்பேர் கடை காலியாகிவிட்டதாம். தண்ணீர்க் குழாய் இருக்கிறது, கண்ணாடிக் கதவு இருக்கிறது, இரண்டு நாற்காலி தாராளமாகப் போடலாம். பதினொரு வருடமாக இன்னொருவர் சலூனில் நின்று முடி வெட்டுகிற மனிதர். முகம் இப்படிப் பளபளத்து நான் பார்த்து நாளாயிற்று.

"அட்வான்ஸ் அறுபதாயிரம். இருபதாம் தேதிக்குள்ள குடுக்கணும். நம்மகிட்ட இருக்கா?"

"ரெண்டு நாள் குடுங்க. துல்லியமா சொல்றேன்" என்றேன்.

ஜூன் 5, வெள்ளி

எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். வங்கி, பிஸ்கட் டப்பா, மளிகை, வாடகை, கரண்டு, அத்தையின், அதாவது இவர் அம்மாவின், மூட்டு மாத்திரை. வீட்டுச் செலவுக் காசு சமையலறை அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கும். அதற்கும் தனியாக ஒரு கணக்கு. 'பேலன்ஸ்' என்று தட்டி என்டரை அழுத்தினேன். விறுவிறுவென்று வரிசையாக வந்து நின்றது. கடைசியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 0.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த 0 வந்தால்தான் வந்ததும் போனதும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சர்வர்காரர் அப்படித்தான் சொன்னார்.

இவர் எட்டிப் பார்த்தார். இந்த மென்பொருளில் வருமானத்துக்கு முன்னால் மைனஸ் வரும். பணம் 'சம்பளம்' என்ற கணக்கிலிருந்து கிளம்பி வங்கிக்குப் போகிறதல்லவா, அதனால். "நாள் முழுக்க நின்னு சம்பாதிச்சிருக்கேன், எனக்கு மைனஸா?" என்று கேட்டார். விளக்கினேன். "சரி, என்னை விட்டுடு" என்று குளிக்கப் போனார்.

பேலன்ஸைப் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தினமும் புதிதாக ஒட்டுவதாகத் திட்டம். குடும்பத்தில் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது.

கூடவே ஒரு சட்டமும் போட்டேன். "எல்லாம் டேலி ஆகுற வரைக்கும் யாரும் என்கிட்ட பணத்தைப் பத்திக் கேள்வி கேட்கக் கூடாது. கவனம் சிதறும்." அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃப்ரிட்ஜ் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் தலையாட்டிவிட்டுப் போனார். இந்த வீட்டில் என் கணக்கை மதிக்கிற ஒரே ஜீவன்.

ஜூன் 6, சனி

"ஆச்சா?" என்றார் இவர். "ஆகும்" என்றேன்.

ஜூன் 8, திங்கள்

டப்பாவில் நூறு கூடுதலாக இருக்கிறது.

குறைந்தால் புரியும். காய்கறி வாங்கி எழுத மறந்திருப்போம். கூடினால்? எழுதிய செலவை நான் செய்யவே இல்லையா? மளிகைக்காரரிடம் போய், "போன வாரம் நான் நிஜமாவே பணம் குடுத்தேனா?" என்று கேட்டேன். மனிதர் பயந்துவிட்டார். "வாங்கினேம்மா, சத்தியமா வாங்கினேன்!" என்று கல்லாவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

ஜூன் 9, செவ்வாய்

சர்வர்காரரைக் கேட்டேன். "'வருமானம்: தெரியாதது'ன்னு ஒரு கணக்கு ஆரம்பிச்சு நூறை அதுல போடுங்க. பின்னாடி தெரிஞ்சா மாத்திக்கலாம்" என்றார். போட்டேன். டேலி. கீழே 0. பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். மூச்சு வந்தது.

இவர் ஃப்ரிட்ஜைக் காட்டி, "வங்கின்னு இங்க ஒரு தொகை போட்டிருக்கியே, அதோட டப்பாவைக் கூட்டினா நம்மகிட்ட இருக்கறது அதுதானே?" என்றார்.

"அது இன்னும் உறுதியில்லை."

"வங்கிப் பணம் எப்படி உறுதியில்லாம போகும்?"

"கைக்கெட்டின டப்பாவே பொய் சொல்லுது. கண்ணுக்குத் தெரியாத வங்கியை எப்படி நம்புறது?"

இவர் கண்ணாடி முன்னால் போய் நின்றார். சீப்பை எடுத்துத் தன் தலையையே ரொம்ப நேரம் வாரிக்கொண்டிருந்தார்.

ஜூன் 10, புதன்

டப்பாவில் நூற்றைம்பது கூடுதல்.

ஜூன் 11, வியாழன்

இருநூறு!!

ஒவ்வொரு நாளும் 'தெரியாதது' கணக்கில் ஏற்றுகிறேன், 0 வருகிறது, ஒட்டுகிறேன். மறுநாள் மறுபடி கூடியிருக்கிறது. யாராவது என்னைச் சோதிக்கிறார்களா? மென்பொருளில் கோளாறா? மென்பொருளால் டப்பாவுக்குள் நோட்டுப் போட முடியுமா? சர்வர்காரரிடம் இதைக் கேட்டேன். முடியாது என்று சொல்வதற்கு முன் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நல்ல செய்தி. ஃப்ரிட்ஜில் ஒட்டியதற்குப் பலன் தெரிகிறது. அத்தை சிக்கனத்தில் இறங்கிவிட்டார். டீயில் சர்க்கரை பாதி. ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் ஓடிப்போய் அணைக்கிறார். சாயங்காலம் பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை எனக்கு வைத்தார். எண்களை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தால் மனிதர்கள் தானாகத் திருந்துகிறார்கள்!

ஜூன் 13, சனி

சண்டை.

எனக்கு இவர்மேல்தான் சந்தேகம். சலூனில் கிடைக்கிற டிப்ஸை எனக்குச் சொல்லாமல் டப்பாவில் போடுகிறாரோ என்று கேட்டேன்.

"போட்டா என்ன தப்பு?"

"அப்போ போட்டீங்களா?"

"போடலை. ஆனா போட்டிருந்தா என்ன தப்புன்னு கேட்கறேன்."

"எங்கிருந்து வருதுன்னு தெரியாத பணம் வீட்டுக்குள்ள இருந்தா எனக்குத் தூக்கம் வராது."

"காசு குறையுதுன்னு சண்டை போடுற வீடு உலகத்துல எவ்வளவோ இருக்கு. கூடுதுன்னு சண்டை போடுற ஒரே வீடு இதுதான்."

அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்கள் அவை.

ஜூன் 14, ஞாயிறு

அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன வந்தாலும் சமாளிச்சிடலாம்மா. மனசை விட்டுடாதே" என்றார். டேலி ஆகாததைச் சொல்கிறார் என்று நினைத்து, "இன்னும் நாலு நாள்ல பிடிச்சிடுவேன் அத்தை" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. கணக்குமேல் இவ்வளவு பற்று உள்ளவர் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே.

அப்புறம் காதில் போட்டிருந்த கம்மலைத் தொட்டுக் காட்டி, "இது இப்போ எவ்வளவு போகும்?" என்று கேட்டார். "எதுக்கு அத்தை?" என்றேன். "சும்மாதான்" என்றார்.

ஜூன் 15, திங்கள்

இன்றைக்கு முந்நூறு. என்னால் முடியவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

காலையில் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டே இவர் பேசினார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் உறைத்தது.

"எனக்கு நூறு, அம்பது கணக்கு வேணாம். டேலி வேணாம். இருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு, நான் தாங்கிக்குவேன். அந்தக் கடை வழியாத்தான் தினம் போறேன், வர்றேன். கண்ணாடியில என் மூஞ்சி தெரியுது."

"இன்னும் ரெண்டே நாள்..."

அவர் போய்விட்டார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொள்ளவில்லை.

நான் என்ன தப்புச் செய்தேன்? தப்பான எண்ணைச் சொல்லி, அதை நம்பி அவர் கடையை எடுத்து, நடுவில் பணம் போதாமல் போனால்? அதற்குத்தானே பயப்படுகிறேன். இதை அவரிடம் சொன்னேனா? இல்லை. கறுப்புத் திரையிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 17, புதன்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

பதினொரு மணிவாக்கில் ஒரு அழைப்பு. "ஹலோ, லிஃப்டுல மாட்டிக்கிட்டேன். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்குது." கட்டட எண்ணைச் சொன்னார். எங்கள் கட்டடம்! குரலும் தெரிந்த குரல்தான். நாலாவது மாடி அம்மா, எங்களுக்கு நேர் மேல் வீடு. புகார் பிரிவில் நாங்கள் பெயர் சொல்லக் கூடாது, அதனால் நானும் சொல்லவில்லை. இன்னொரு விதியும் உண்டு. மெக்கானிக் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பயம் தெரியாமல் இருக்க.

"கையில ஏதாவது வச்சிருக்கீங்களா மேடம்? கீழ வச்சிட்டு உட்காருங்க."

"அயர்ன் பண்ணின துணிம்மா. கீழ வச்சா கசங்கிடும். வைக்க மாட்டேன்."

"அயர்ன் எங்க குடுக்கறீங்க?" நிஜமாகவே பேச்சை வளர்க்கத்தான் கேட்டேன்.

"மூணாவது மாடியில ஒரு அம்மா செய்யுது. பாவம். நல்லா இருந்த குடும்பம். மருமக கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணி எல்லாப் பணத்தையும் சைபராக்கிட்டா."

மூன்றாவது மாடியில் மருமகளோடு இருக்கிற ஒரே அம்மா எங்கள் அத்தை.

"சைபரா?" என்றேன்.

"சைபர்! அதைக் கூச்சமே இல்லாம பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வேற ஒட்டுறாளாம். தினம் தினம்! அந்தம்மா எங்க வீட்டுத் துணி, எதிர் வீட்டுத் துணி எல்லாம் அயர்ன் பண்ணி, அந்தக் காசைச் சத்தமில்லாம டப்பாவுல போடுது. போடப் போட மறுநாளும் சைபர்தானாம்! சொல்லிட்டு அழுதுச்சும்மா."

ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் விதி விதிதான், பேசியாக வேண்டும். "அந்த மருமக எப்படி மேடம்? நல்ல மாதிரியா?"

"மாமியாரைக் கேட்டா தங்கம்னுதான் சொல்லும். 'அவகிட்ட கேட்டுடாதீங்க, ஏற்கெனவே ராவும் பகலுமா அந்தக் கறுப்பு டிவி முன்னாடி உட்கார்ந்து தேடிக்கிட்டிருக்கா, உடைஞ்சு போயிடுவா'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிச்சு. எனக்கென்னவோ அவளுக்குக் கொஞ்சம் திமிருன்னு தோணும். எதிர்ல பார்த்தா சிரிக்க மாட்டா."

எங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். "பதற்றப்படாதீங்க மேடம்" என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நான் ஏன் பதறணும்? இன்னொண்ணு கேளு. தெருமுனைக் கடை என் தம்பியோடது. அந்த வீட்டுப் பையன் சலூன் வைக்கக் கேட்டிருக்கான். நான்தான் தம்பிகிட்ட சொன்னேன், அவங்ககிட்ட ஒண்ணுமே இல்லடா, பேசாம அந்த மீன்தொட்டிக்காரனுக்குக் குடுத்துடுன்னு. நாளைக்குச் சாயங்காலம் அட்வான்ஸ் வாங்கறான்... ஹலோ? ஹலோ? இருக்கியாம்மா?"

"இருக்கேன் மேடம்."

"குரல் ஏன் ஒரு மாதிரி ஆயிடுச்சு? நீ பதற்றப்படாதே. உன் மெக்கானிக் வந்துட்டான் பாரு."

மேலாளரிடம் தலைவலி என்று சொன்னேன். முகத்தைப் பார்த்து உடனே அனுப்பிவிட்டார்.

வீட்டில் அத்தை கட்டிலில் போர்வையை மடித்துப் போட்டு அதன்மேல் யாரோ ஒருவருடைய சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தார். மூட்டு வலிக்கு முட்டியில் துணியைக் கட்டிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் சட்டையைத் தலையணைக்குக் கீழே ஒளித்தார். சூடான அயர்ன் பெட்டியையும் ஒளிக்கப் பார்த்தார். நல்லவேளை, பிடுங்கிவிட்டேன்.

"எனக்கு எல்லாம் தெரியும் அத்தை" என்றேன்.

"தினமும் சைபர்னு ஒட்டி வச்சிருக்கியேம்மா. நான் என்ன பண்ணட்டும்? நூறு போட்டேன், சைபர். இருநூறு போட்டேன், சைபர். எந்த ஓட்டை வழியா போகுதுன்னு எனக்குப் புரியலை."

"மேல வங்கியில இவ்வளவுன்னு போட்டிருக்கேனே, பார்க்கலையா?"

"மேல என்னென்னவோ போட்டிருந்தே. கடையில பில் குடுத்தா கடைசி வரியைத்தானே பார்ப்போம்? எல்லாம் போக மிச்சம் சைபர்னு நினைச்சேன். என் பையன் சம்பளத்துக்கே மைனஸ் போட்டிருந்தே. அவனும் ஏதோ கடன் வாங்கித் தொலைச்சுட்டான்னு..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"நீதானே கேட்கக் கூடாதுன்னு சொன்னே."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தேன், அப்புறம் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறேன். அத்தை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். இரண்டு தட்டை எடுத்து, ஒன்றில் பத்துப் பட்டாணியைப் போட்டு, அடுத்த தட்டுக்கு மாற்றிக் காட்டினேன். இங்கே பத்துப் போச்சு, அங்கே பத்து வந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அந்த சைபர்தான் இது என்றேன். கவனமாகப் பார்த்தார்.

"அப்போ பணம் இருக்கா?"

"இருக்கு அத்தை."

"இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டியிருக்கலாமே" என்றார்.

இவர் வந்ததும் வாசலிலேயே சொன்னேன். "இருக்கு. வங்கியில ஐம்பத்தேழாயிரத்து ஐநூறு, டப்பாவில ரெண்டாயிரத்து எண்ணூத்தி ஐம்பது. மொத்தம் அறுபதாயிரத்து முந்நூத்தி ஐம்பது. அதுல ஆயிரத்துத் தொள்ளாயிரம் உங்க அம்மா அயர்ன் பண்ணிச் சேர்த்தது. அது இல்லைன்னா பத்தாம போயிருக்கும். நாளைக்கே போயாகணும், இல்லைன்னா அங்க மீன் வந்துடும்."

ஒரு செருப்போடு நின்றபடி முழுவதையும் கேட்டார். "மீனா?" என்றார். அவருக்குக் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

ஜூன் 18, வியாழன்

லீவு போட்டேன். வங்கியில் ஐம்பத்தேழாயிரத்து இருநூறு எடுத்தோம், டப்பாவிலிருந்து இரண்டாயிரத்து எண்ணூறு. வீட்டுக்கு வந்து மூன்று தடவை எண்ணினேன். சரியாக அறுபதாயிரம். ரப்பர் பாண்டு போட்டு அத்தையின் கைப்பையில் வைத்தேன். வெளியே போனால் அந்தப் பையை அவர் பிடிக்கிற பிடியை எந்தத் திருடனும் தளர்த்த முடியாது.

கடை ஓனருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் சாவிக்கொத்து. இடுப்பில் அத்தனை தொங்கும், நடந்தால் தெரு முழுக்கக் கேட்கும். கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நான் ஒளிக்காம சொல்றேன்" என்றார் இவரிடம். "உங்க நிலைமை சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். அட்வான்ஸ் எப்படியாவது புரட்டிடுவீங்க, மாச வாடகைக்கு என்ன பண்ணுவீங்க?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் கைப்பையில் பிரிண்ட் இருந்தது, எடுத்தேன். "அந்தப் பேப்பரை மட்டும் காட்டிடாதே" என்று இவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது காதில் விழுந்தது. ஆனால் கை நீட்டிவிட்டது.

சாவிக்கொத்து நேராகக் கடைசி வரிக்குப் போனார். "சைபர்னுதானே போட்டிருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அத்தை முந்திக்கொண்டார்.

"ஏங்க, சட்டியில ஒண்ணும் இல்லைன்னா வீட்டுல பட்டினின்னா அர்த்தம்? எல்லாருக்கும் பரிமாறியாச்சுன்னும் அர்த்தம் இருக்கில்ல? என் மருமக எல்லாத்தையும் அதது இடத்துல போட்டுட்டா. கையில ஒட்டிக்கிட்டது எதுவும் இல்லை. அதான் அந்த சைபர்."

நான் வாயைத் திறந்தபடியே நின்றேன். நேற்றுப் பட்டாணியை வைத்துச் சொன்னபோது எனக்கே இவ்வளவு தெளிவாகச் சொல்ல வரவில்லை.

சாவிக்கொத்துக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. "மொதல்ல பணத்தைக் காட்டுங்க" என்றார். அத்தை கட்டைக் கொடுத்தார். சாவிக்கொத்து எச்சில் தொட்டு எண்ணினார். கடைசி நோட்டில் நின்றார். முகம் சுருங்கியது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"நூறு கூடுதலா இருக்கே" என்றார்.

கூடுதல்! என் கையால் மூன்று தடவை எண்ணிய கட்டு! மெதுவாக அத்தை பக்கம் திரும்பினேன். அத்தை கடைக்குள் இருந்த குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை..."

"காலையில எதிர் வீட்டுக்காரங்க குடுத்தாங்கம்மா. பத்தாம போயிட்டா என்ன பண்றதுன்னு... பழக்கத்துல போட்டுட்டேன்."

முதலில் சிரித்தது இவர்தான். அப்புறம் சாவிக்கொத்து. சாவியெல்லாம் குலுங்கச் சிரித்தார். "முப்பது வருஷமா வாடகைக்கு விடறேன். குறைச்சுக் குடுத்துட்டு நாளைக்குத் தர்றேன்னு சொன்னவங்களைத்தான் பார்த்திருக்கேன். கூடப் போட்டுக் குடுத்தவங்க நீங்கதாம்மா" என்று நூறைத் திருப்பி நீட்டினார். "மீன்தொட்டி வந்தா எப்படியும் சுவரெல்லாம் ஈரம் இறங்கும். நீங்களே எடுத்துக்கோங்க."

அந்தக் கொத்தில் கடைச் சாவி எது என்று கண்டுபிடிக்கத்தான் வெகு நேரம் ஆயிற்று. இவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கதவு திறந்ததும் உள்ளே போய், நாற்காலி வர வேண்டிய இடத்தில் நின்று, இல்லாத ஆளின் தலையைச் சாய்த்து வெட்டுவது மாதிரி விரலை அசைத்துப் பார்த்தார்.

முதல் நாளே 'இருக்கு' என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும், அதுவும் உண்மை. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 20, சனி

'தெரியாதது' என்ற கணக்கை அழித்துவிட்டு அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்தை 'கடன்: அத்தை' என்று மாற்றினேன். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "நான் என்ன வட்டிக்கா விட்டேன்?" 'அன்பளிப்பு' என்று மாற்றினேன். அதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் 'கடைப் பங்கு: அத்தை' என்று போட்டேன். அதற்குத்தான் சிரித்தார். சலூனில் துண்டுகளை மடிப்பது தன் பொறுப்பு என்றும், அதில் யாரும் தலையிடக் கூடாது என்றும் அறிவித்தார். சட்டம் போடுவது இந்த வீட்டில் எல்லோருக்கும் தொற்றிவிட்டது.

ஃப்ரிட்ஜில் பிரிண்ட் இல்லை. 'வங்கியில் இவ்வளவு. டப்பாவில் இவ்வளவு' என்று கையால் எழுதிய இரண்டு வரிதான். சர்வர்காரர் கேட்டால் வருத்தப்படுவார்.

ஜூன் 24, புதன்

லிஃப்டில் நாலாவது மாடி அம்மாவைப் பார்த்தேன். பல் தெரியச் சிரித்தேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். "எந்த மாடிக்கு மேடம்?" என்று கேட்டேன். "உன் குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?" என்றார். மூன்றாவது மாடி வருகிறவரை நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 6, திங்கள்

கடை திறந்தாயிற்று. ஒரு நாற்காலிதான், அதுவும் பழையது. இரண்டாவது அடுத்த மாதம். முதல் வாடிக்கையாளர் சாவிக்கொத்து, இரண்டாவது எங்கள் சர்வர்காரர். அதற்கப்புறம் யார் யாரோ வந்தார்கள், எனக்கு முகம் தெரியாதவர்கள். வேலை முடிந்து நான் போனபோது இவர் கூட்டிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் முடி, கறுப்பும் நரையும். காலெல்லாம் வலிக்கிறது என்றார். பதினொரு வருடமாக நின்றபோது ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டில் இருந்ததை எல்லாம் இரண்டு கையாலும் அள்ளி என்னிடம் கொடுத்தார். கசங்கின நோட்டு, சில்லறை, அதில் கொஞ்சம் முடி. "எவ்வளவுன்னு பார்க்கலை. நீயே எண்ணிக்கோ" என்றார். முகம் ஜூன் நாலாம் தேதி பார்த்ததைவிடப் பளபளத்தது.

அப்படியே டப்பாவில் போட்டு மூடினேன். லேப்டாப்பைத் திறக்கவில்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தலையாக நடந்ததைக் கேட்டேன்.

அத்தை துண்டை மடித்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். எழுந்து வந்து, "எண்ணலையா?" என்று கேட்டு என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.